அரையும் மூன்றில் ஒன்றும்

1

இந்தக் கதை ஒரு தப்புக் கணக்கிலிருந்து பிறந்தது. அந்தக் கணக்கைப் போட்டவன் நான். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்தால் இன்னும் சிரிப்பீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'மருத்துவமனை வாசலில் மெல்லிய பனி...' (பனியே இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: அம்மாவுக்கு மூச்சுத் திணறல். பெரிய மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் அன்று மாலைக்குள் போய்விட வேண்டும். ஒன்பது மணி நேரப் பயணம். ஆம்புலன்ஸில் இரண்டு ஆக்ஸிஜன் சிலிண்டர்கள். ஒன்றில் பாதி, மற்றதில் மூன்றில் ஒரு பங்கு. புதியது மறுநாள்தான் வரும். முழு சிலிண்டர் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்றார் நர்ஸ். அக்கா சம்மதப் படிவத்தை என் கையில் திணித்தாள்.

அதன் பின்பக்கத்தில் கூட்டினேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. ஐந்தில் இரண்டு பங்கு. ஐந்து மணி நேரம்கூட வராது. அப்படியென்றால் பாதி வழியில் அம்மா (இந்த வாக்கியத்தை அன்றும் என்னால் முடிக்க முடியவில்லை.)

"போக வேண்டாம்க்கா. ஆக்ஸிஜன் பத்தாது."

3

(ஆம்புலன்ஸ் ஓட்டுநரை முதலில் வேலையை விட்ட கணக்கு வாத்தியாராக எழுதினேன். ரீல் விடுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் வெறும் ஓட்டுநர்தான். காதில் ஒரு பேனா செருகியிருந்தார், அவ்வளவுதான்.)

அக்கா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஏண்டா, பாதி ஏற்கெனவே இருக்கு. அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதிக்குக் கீழ எப்படிடா போகும்?"

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "மணிக்கணக்குல பாருங்க சார். பாதின்னா ஆறு மணி நேரம். மூணுல ஒண்ணுன்னா நாலு மணி நேரம். ஆறும் நாலும்?"

"பத்து."

"நமக்கு வேணுங்கறது ஒம்பது. கையெழுத்தப் போடுங்க."*

போட்டேன். அப்படியே மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்றிருந்தது. அழுகையும் வந்தது.

* பன்னிரண்டில் ஆறும் பன்னிரண்டில் நாலும். கீழே உள்ள பகுதிகளைச் சமமாக்கிய பிறகே கூட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. 'வேற்றினப் பின்னங்கள்' என்ற தலைப்பில் விட்டுப்போன 'ப்'பைப் பிடித்தவனே நான்தான். கணக்கை யார் படித்தார்கள்!

4

நேற்று அக்கா இதைப் படித்தாள். "நடுவழியில சிலிண்டர் தீர்ந்துபோச்சுன்னு எழுதினா இன்னும் விறுவிறுப்பா இருக்கும்ல?"

அடுத்த அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "உங்க விறுவிறுப்புக்கு நான் போய்ச் சேரணுமா?"

அதனால் அந்த முடிவு கிடையாது. வேறு முடிவும் என்னிடம் இல்லை. மாலை நாலு மணிக்கு இறங்கினோம், சிலிண்டரில் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு. அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன், அதற்குள் எந்த முடிவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அம்மா மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும்.