உரிமையாளர் பெயர்

எட்டில் வைத்தாரா, இல்லை மூன்றிலேயே விட்டுவிட்டாரா, கிளம்பும்போதே கேட்டுத் தொலைத்திருக்கலாம், கேட்டால் மட்டும் என்ன, ஞாபகம் இல்லை என்பார், மனிதருக்கு நோயாளிகளின் விரல்கள் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கும், காலையில் தான் போட்ட சட்டையின் நிறம் இருக்காது... சுவரில் இருந்த பெரிய திரையில் நீலக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு சதவீதம். அவள் எழுதிய மென்பொருள்தான், அவள் தேர்ந்தெடுத்த நீலம்தான், இருந்தும் இன்று அது யார் வீட்டுப் பிள்ளையோ போல முகம் கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தது. எதிரே செயலி நிறுவனத்தின் மேலாளர், கோட்டுச் சட்டையின் மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தார். மேசையின் தலைப்பக்கம் வக்கீலம்மா, வழக்கு என்று போகாமல் பேசியே தீர்க்க முடியுமா என்று பார்க்க இரண்டு தரப்பும் சேர்ந்து அழைத்தவர். அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலி. அதில் இருக்க வேண்டியவர் அவள் கணவர், பிசியோதெரபிஸ்ட், பதினோரு மணிக்கு ஒருவரை முதன்முதலாக எழுப்பி நிற்க வைக்க வேண்டும், நீ போய்ட்டு வா, உனக்குத்தானே இதெல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டார். அவர் படங்கள், அவர் உழைப்பு, சண்டை மட்டும் இவளுக்கு. கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது, யாரையோ நிற்க வைக்கப் போன ஆளிடம் எவ்வளவு நேரம்தான் கோபித்துக்கொள்ள முடியும்?

நாற்பது படங்கள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். ஒரு வெள்ளைத் துணிக் கையுறை, அதன் ஐந்து விரலிலும் மையால் வரைந்த முகங்கள், கட்டைவிரல் யார் சொன்னாலும் வளைந்து கொடுக்காத பெரியப்பா, சுண்டுவிரல் எதற்கெடுத்தாலும் அழும் கடைக்குட்டி, நடுவிரல் சும்மாவே உயரத்தைக் காட்டிக்கொள்ளும் மாப்பிள்ளை. பக்கவாதம் வந்து கை விழுந்தவர்கள் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டே தங்கள் விரலை மடக்கிப் பழகுவார்கள். பெரியப்பா குனிய மறுத்து, மறுத்து, கடைசியில் கடைக்குட்டியைத் தொடுவார்... அந்த இடத்தில் எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டே அழுததாகக் கணவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்த நிறுவனம் அத்தனை படத்தையும் ஓரம் வெட்டி, பின்னணி இசை மாற்றி, தங்கள் உடற்பயிற்சிச் செயலியில் போட்டுக்கொண்டது. அதோடு விட்டிருந்தால் அவர் கண்டுகொண்டிருக்க மாட்டார், இன்னும் நாலு பேர் விரலை மடக்கட்டுமே என்றுதான் அப்போதும் சொன்னார். ஆனால் அவர்கள், இவை எங்கள் படங்கள், இவர்தான் திருடியவர் என்று புகார் கொடுத்து அவர் படங்களைப் போட்டிருந்த இணையப் பக்கத்தையே மூட வைத்தார்கள். மறுநாளிலிருந்து நோயாளிகளின் போன். படம் வரலையே சார், நேத்து மூணு விரல் வந்துச்சு, இன்னிக்கு எதைப் பாத்துப் பண்றது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரலில் பேசி அனுப்பினார், இப்ப பெரியப்பா குனியறார், மெதுவா, மெதுவா... சாப்பிட்ட தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கை காய்ந்து போகும்வரை. அந்தக் குரலைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் இவள் முடிவு செய்தாள், விடுவதில்லை என்று.

நாற்பத்தைந்து சதவீதம். மேலாளர் தண்ணீர் குடித்தார். அவள் மென்பொருள் படத்துக்குள் ஒளித்த குறி உயிரோடு இருக்குமா... காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே ஓர் உருவம் தெரியுமே, அந்த மாதிரி நீர்க்குறிதான், படத்தின் நிறங்களுக்குள் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்கு மாற்றம் செய்து, ஆயிரம் இடத்தில் சிதறி வைப்பது, வெட்டினாலும் சுருக்கினாலும் மிச்சம் இருக்கும் துண்டு வாய் திறந்து நான் இன்னாருடையது என்று சொல்ல வேண்டும். அதைச் சாதாரண ஜனங்கள் தாங்களே செய்துகொள்ளத்தான் இந்தக் கருவி. ஒரு குமிழை நகர்த்தினால் குறியின் அழுத்தம் கூடும் குறையும், ஒன்று முதல் பத்து வரை, பக்கத்திலேயே படத்தை வெட்டி, சுருக்கி, சுழற்றி, குறி தாங்குகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். முதன்முதலில் உட்கார வைத்துச் சோதித்தது அவரைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார். வெட்டினார், சுருக்கினார், தலைகீழாகப் போட்டார், குறி அழிந்ததும் செத்துப்போச்சு இன்ஜினியரம்மா என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார், பிள்ளை பெற்றவளிடம் சொல்லும் வார்த்தையா அது? ஆனால் எந்தப் பொத்தானைப் பார்த்து இது எதுக்குன்னே புரியல என்றாரோ அதையெல்லாம் அவள் மாற்றினாள். பாதிக் கருவி அவருடைய புரியவில்லையில் பிறந்தது. அழுத்தத்தை எட்டில் வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள், மூன்று போதும், கடைக்குட்டி முகத்துல புள்ளி புள்ளியா வருது என்று குமிழை இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு வாரம் கழித்து, நாப்பதுக்கும் நானே போட்டுட்டேன் என்றார். எத்தனையில்? கேட்கவில்லை. பாராட்டத் தோன்றியது, கேட்கத் தோன்றவில்லை.

நீலக் கோடு முடிந்தது. அடையாளம் கிடைக்கவில்லை. எழுத்துகள் அத்தனை பெரிதாக வர வேண்டும் என்று எந்தப் புத்திசாலி முடிவு செய்தாள்? அவளேதான். மேலாளர் சிரிக்கவில்லை, அந்த மட்டும் நல்ல மனிதர், பேனாவை மட்டும் மூடினார். எங்கள் படப்பிடிப்புக் கூடத்தில் எங்கள் கலைஞரே கையுறை போட்டு நடித்தது, முதலிலிருந்து அதைத்தானே சொல்கிறோம் என்றார் மென்மையாக. மூன்றுதான், மூன்றில்தான் விட்டிருக்கிறார், கடைக்குட்டியின் முகம் முக்கியம் அவருக்கு... வக்கீலம்மா அவளைப் பார்த்தார், அவசரமில்லை என்பது போல. கை தானாகப் போய்ப் படத்தை மறுபடி ஓட விட்டது. பெரியப்பா குனிய மறுத்தார். கடைக்குட்டி அழுதாள். ஓரமெல்லாம் வெட்டியும் மேலே ஒரு மூலையில் சிகிச்சை அறைச் சுவர்க் கடிகாரத்தின் அடிப்பாகம் பிறைபோல ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் நொடிமுள் ஒரு துளி தெரிந்து, மறைந்து, திரும்ப வந்தது. இடமிருந்து வலமாக. அடிப்பாகத்தில் முள் வலமிருந்து இடமாக அல்லவா போக வேண்டும்? மறுபடி பார்த்தாள். கடிகாரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் காட்டியது போலப் படத்தையே இடவலம் திருப்பியிருக்கிறார்கள், கடவுளே, அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி அடுத்த மாத வேலைப் பட்டியலில் அல்லவா இருக்கிறது, இத்தனை நாள் தள்ளிப்போட்ட சோம்பேறி யார், அதுவும் அவள்தான். படத்தை இடவலம் திருப்பிப் போட்டு ஒரு தடவை பார்க்கலாமா அம்மா என்றாள். வக்கீலம்மா தலையசைத்து, குறியைப் படிக்க வேண்டி மூடிய உறையில் கணவர் கொடுத்திருந்த ரகசியச் சொல்லைத் தன் கையாலேயே மறுபடி தட்டினார். நீலக் கோடு மறுபடி புறப்பட்டது. இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை, காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடையாளம் கிடைத்தது. அழுத்தம் எட்டு. எட்டா? அப்படியானால் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டு வாயே திறக்கவில்லை, இந்த மனிதரை என்ன செய்வது... குறியிட்ட தேதி, செயலி வெளிவருவதற்கு ஒரு வருடத்துக்கும் முன்னால். அடுத்த வரியை வக்கீலம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"உரிமையாளர் பெயர்: தையற்காரம்மா, வலது கை, இருபதாம் நாள்."

உங்க வீட்டுக்காரர் தையல் வேலையும் பாக்கறாரா என்று வக்கீலம்மா நிஜமாகவே கேட்டார். அப்போ உரிமையாளர் இவங்க கணவர் இல்லைன்னு ஆகுது என்றார் மேலாளர், மூடிய பேனாவைத் திறந்தபடி. போன் போட்டாள், எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். அந்தப் பக்கம் யாரோ நிற்கும் மூச்சுச் சத்தம், விடாதீங்க, விடாதீங்க என்று அவர் குரல், பிறகு உட்கார வைக்கும் ஓசை.

"உரிமையாளர்னு ஏங்க தையற்காரம்மானு போட்டீங்க?"

"யாரோடதுன்னு உன் பொட்டிதானே கேட்டுச்சு. கை அவங்களோடதுதானே?"

"உங்க கை இல்லையா அது?"

"என் கை நல்ல கை. நல்ல கை மடங்கறதைப் பாத்து அவங்க என்ன கத்துக்கப் போறாங்க? நடுங்கற கை பாதியில நின்னு, திரும்ப முயற்சி பண்ணி மடங்கணும். அதைப் பாத்தாதான் தெம்பு வரும்."

நாற்பது படத்திலும் பதினோரு பேரின் கைகள், யார் கை, சிகிச்சையில் எத்தனையாம் நாள், ஒவ்வொன்றிலும் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார், ஒண்ணும் தப்பு இல்லையே என்று கேட்டார். அந்த நடுக்கம். பெரியப்பா குனியும்போது வரும் அந்த நடுக்கத்தைப் பார்த்து, என்னமா நடிக்கிறீங்க, நாடகத்துக்கே போயிருக்கலாம் என்று ஒரு நாள் சொன்னாளே, அவர் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாரே, சொல்ல வேண்டியதுதானே? சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். அவருக்கு அது ரகசியமே இல்லை, கேட்டால் சொல்லியிருப்பார், கேட்கத்தான் ஆள் இல்லை.

வக்கீலம்மா மேலாளர் பக்கம் திரும்பி, உங்க கூடத்துல நடிச்சவருக்கு எந்தக் கைங்க, எத்தனையாம் நாள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மேலாளர் பத்து நிமிடம் கேட்டு வெளியே போனார், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போனில் பேசுவதும் நெற்றியைத் தேய்ப்பதுமாக நடந்தார், பாவம், அவருக்கும் மேலே யாரோ பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். திரும்பி வந்தபோது கோட்டைக் கழற்றியிருந்தார். புகாரை வாபஸ் வாங்குகிறோம், சாயங்காலத்துக்குள் உங்கள் பக்கம் திறந்துவிடும், முப்பத்தொன்பதை எடுத்துவிடுகிறோம், இந்த ஒன்றை மட்டும் முறைப்படி அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாமா, எங்கள் ஆட்கள் நிறையப் பேர் பார்க்கும் படம் இது என்றார். அனுமதி யார் தர வேண்டும்? எடுத்தவரா, கைக்குச் சொந்தக்காரரா, குறியை வைத்த கருவிக்காரியா? சட்டப்படி படம் எடுத்தவர்தான்னு சொல்லலாம், ஆனா இங்க எழுதியிருக்கறது வேற என்று வக்கீலம்மா பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கணவர் அனுப்பிய எண்ணுக்கு இவளே பேசினாள். தையல் எந்திரத்தின் கடகட ஓசை நின்றது.

"என் கையா? அங்க என்ன பண்ணுது என் கை?"

முதலிலிருந்து விளக்கினாள், படம், செயலி, திருட்டு, குறி. அந்தம்மா பொறுமையாகக் கேட்டார். இருபதாம் நாளா, அன்னைக்குத்தான் ஊசியைப் பிடிச்சேன், பிடிச்சது கீழ விழுந்துடுச்சு, ஆனாலும் பிடிச்சேன் என்றார். போடட்டும், யாருக்கோ உதவுதுன்னா போடட்டும்.

"ஆனா ஒண்ணு. உள்ள ஒளிச்சு எழுதறதெல்லாம் உங்க விஷயம். வெளிய, கண்ணுக்குத் தெரியற மாதிரி, இது என் கைன்னு போடச் சொல்லுங்க. என் மருமக நம்ப மாட்டேங்கறா."

போடச் சொல்கிறேன் என்றாள். எந்திரம் மறுபடி ஓடியது. மேலாளர் தலையாட்டி எழுதிக்கொண்டார், எவ்வளவு பெரிய எழுத்தில் என்றுகூடக் கேட்டார். யார் கண்ணுக்கும் படாமல் பெயரை எழுதுவது எப்படி என்று ஆறு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவள், பெயர் தெரிய வேண்டும் என்று ஒருவர் கேட்பார் என்றே நினைத்ததில்லை, கருவியில் அதற்கு ஒரு பொத்தான்கூட இல்லை... வைக்க வேண்டும், எங்கே வைப்பது, அவரை உட்கார வைத்துத்தான் கேட்க வேண்டும். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினாள். திரையில் வெள்ளைக் கையுறை பாதி மடங்கி நின்றிருந்தது. பதினோரு பேர் கை. இத்தனை வருடம் அத்தனையும் அவருடையது என்றே பார்த்திருக்கிறாள், ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை. சாலையைக் கடக்கும்போது பிடிக்கிற கை, காய்ச்சல் என்றால் முதலில் நெற்றிக்கு வருகிற கை... பன்னிரண்டாவதாக அதையும் கையுறைக்குள் விட்டு வரிசையில் வைத்தால், இதுதான் என்று எடுத்துவிடுவாளா? எடுத்துவிடுவாள் என்றுதான் தோன்றியது. சுண்டுவிரல் எப்படி மடங்கும் அவருக்கு, மற்ற விரல்களோடு சேர்ந்தா, தனியாகவா? பேனாவைப் பிடித்தபடி யோசித்தாள். வக்கீலம்மா, இங்கேம்மா என்று இடத்தைக் காட்டினார்.