முந்திப் போன சாகா

யுகேந்திரனின் பழைய சாகா கார் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, ரப்பர்க்காடு அழிந்து வீடுகளான அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் இது தெரியும். மழைக்காலத்தில் கால்வாய் நிரம்புவதைப்போல அதுவும் ஒரு சங்கதி. பந்தயத்துக்கென்று இன்ஜினைப் பிரித்துக் கோத்தபோது, பெட்ரோலில் பொறி விழவேண்டிய நேரத்தை முன்னுக்குத் தள்ளினான். தள்ளிக்கொண்டே போனவனுக்கு நிறுத்த மனம் வரவில்லை. ஏற்றத்தில் இன்ஜின் டக்டக்கென்று தட்டும். அதைத்தான் பவர் என்று நம்பினான். சிநேகிதன் தீபனும் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, “பவரு பத்திக்கிச்சு மச்சான், கை வைக்காத லா,” என்றான். யுகேந்திரனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நாளடைவில் அவனும் காரோடு சேர்ந்து முந்திப்போனான். மனைவி தினேஸ்வரி கேட்கும் முன்பே பதில் சொல்லிவிடுவான். அவள் சிரிக்கும்போது, அதை ஏற்கெனவே கேட்டு முடித்தவனாக எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்கு அது வருத்தம்தான். சொல்ல வாயெடுப்பதற்குள் எழுந்து போயிருப்பான்.

வளைகாப்புக்குக் காம்பாரிலிருந்த தாய்வீட்டுக்கு அவளை அந்தக் காரிலேயே அழைத்துப்போனான். செய்திருக்கக் கூடாது. இறங்கும்போதே தினேஸ்வரியின் கைகளில் முழங்கைவரை வளையல், கன்னத்தில் காய்ந்த சந்தனம். அவள் அம்மா முத்தம்மா உள்ளே அப்போதுதான் தாம்பாளத்தில் வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வந்திருந்த பெண்கள் சடங்கு நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். முத்தம்மா மட்டும் எடுத்த வளையலைக் கீழே வைக்காமல் நின்றாள்.

“எம்மவ கையில நான் ஒண்ணுகூட போடல மாப்ள,” என்றாள்.

அடுத்த வாரம் கிளினிக்கில் தாதி வயிற்றை அளந்து பார்த்தாள். பிள்ளை நாள்கணக்கைவிட முந்திப் போகிறது, இப்படியே போனால் நுரையீரல் முற்றும் முன்பே பிறந்துவிடும் என்றாள். அன்றே யுகேந்திரன் கார்ச் சாவியை ஆணியில் மாட்டினான். காரைத் தொடாமல் நிறுத்தி வைத்தும் பிள்ளை வேகத்தை விடவில்லை.

“எதுல வேகம் புடிச்சுச்சோ அதுலதான் கொறையும். என்னையும் ஏத்திக்கிட்டே சரி பண்ணுங்க,” என்றாள் தினேஸ்வரி.

பந்தயத்தை விட்டான். பொறி விழும் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் திருகை இளக்கி, டைமிங் லைட்டைப் பிடித்து, ஒரு மயிரிழை பின்னுக்குத் திருப்பி இறுக்குவான். இன்ஜினுக்குச் சுமை கூட்ட ஏர்கோனைப் போட்டு, பின்சீட்டில் அரிசி மூட்டைகளை ஏற்றி, சிம்பாங் பூலாய் மலையேற்றத்தில் ஓட்டிப் பார்ப்பான். இன்ஜின் தட்டும்போதெல்லாம் பிள்ளை உதைத்தது. அவன் காதுக்கு எட்டாத தட்டலும் அதற்கு எட்டியது. தினேஸ்வரி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “இன்னும் இருக்கு,” என்பாள். ஓரம்கட்டி, பொனட்டைத் திறந்து, இன்னொரு மயிரிழை. ஒருமுறை அளவு மீறித் திருப்பியதில் சனிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை காம்பார் போய்ச் சேர்ந்தார்கள். முத்தம்மா ஆக்கிவைத்த நண்டுக்குழம்பு வீணாய்ப் போனது. மறுபடி கொஞ்சம் முன்னுக்கு. மலையில் பனி இறங்கியிருந்த ஒரு காலையில், ஏற்றம் முடியும்வரை கார் தட்டவில்லை, பிள்ளையும் உதைக்கவில்லை. “தூங்குது,” என்றாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதான்.

குறித்த நாளில்தான் வலி கண்டது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் லோரி ஒன்று குறுக்கே நின்று சாலையை அடைத்துக்கொண்டது. தினேஸ்வரி பல்லைக் கடித்தாள். யுகேந்திரன் ஸ்பேனரை எடுத்தான். ஒரு மயிரிழை முன்னுக்குத் திருப்பினால் இந்நேரம் பிரசவ வார்டில் இருக்கலாம். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாங்க. அது வர்றப்ப வரட்டும். நீங்க இங்கயே இருங்க.”

இருந்தான். எந்த லோரிக்குப் பின்னாலும் நின்று பழகாதவன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வலி வந்தபோது அவளோடு மூச்சைப் பிடித்தான், போனபோது விட்டான். லோரி நகர்ந்தது. அன்று சாயங்காலம் குழந்தை பிறந்து அழுதது. அழுத அந்த நொடியில்தான் அவன் காதிலும் விழுந்தது. பெண் என்பதுகூட, தாதி வந்து சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.