முத்தலிப் கட்டிய மேடு

முத்தலிப் மூன்றாவது தடவையாகப் பெற்றோல் தாங்கியின் மிதவையைக் கழற்றி வெளியே எடுத்தான். ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு பித்தளைக் குமிழ், இவ்வளவுதான். பெற்றோல் ஏறினால் குமிழும் ஏறும், முன்னாலிருக்கும் அளவு காட்டும் முள் அசையும். இந்தச் சின்னச் சாமானுக்குள் இவ்வளவு பெரிய பொய் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

பொத்துவிலுக்குப் போய்த் திரும்பிய நாளில் முள் கால் தாங்கி காட்டி நின்றது, பெற்றோல் முடிந்து கார் கோமாரியில் நின்றது. ஏழு மாத வயிற்றோடு பெண்சாதி ஸுல்பிகா இரண்டு மணி நேரம் வெயிலில் இருந்தாள். ஏசவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு சொல்தான் சொன்னாள்.

"புள்ளப்பேறுக்கு ஒங்கட காருல நான் ஏறமாட்டன். ஹமீட் காக்காட காருக்குச் சொல்லி வெச்சிரிக்கன்."

ஊருக்கெல்லாம் கார் ஓட்டுகிறவன், பெண்சாதியை அடுத்தவன் காரில் அனுப்புவதா? அது அவனுக்கு வலித்தது. அதிலிருந்து முள்ளோடுதான் மல்லுக்கட்டு. வளவில் வைத்துத் தாங்கியை வடித்து இரண்டு கலன் பெற்றோல் அளந்து ஊற்றினால் முள் ஒழுங்காக அரையில் நிற்கிறது. அப்படி நிற்கும்படி கம்பியை வளைத்தவனே அவன்தான். ரோட்டில் இறங்கினாலோ அரைக்கு மேலே போய்விடுகிறது. வீட்டுக்கொரு கதை, வெளிக்கொரு கதை.

ஸுல்பிகா காரின் நிழலில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இஞ்ச பாருங்க. தண்ணியெல்லாம் சட்டிக்கு ஒருபக்கம் போய் நிக்கிது."

"மேட்டுல வெச்சா அப்பிடித்தான் நிக்கும்."

"காரும் மேட்டுலதானே நிக்கிது. மிதவ எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்." சொன்ன வாய் மூடவில்லை.

தட்டையான கல்முனையில் மேடு ஏது? பற்றரி செத்த தன் மொரிஸ் காரை உருட்டி இயக்குவதற்காக அவனே மணல் கொட்டிக் கட்டிய மேடு அது. முகம் சரிந்து நிற்கும் காரில் பெற்றோல் முன்னால் ஓட, மிதவை பின்னால் தாழ்ந்து கிடந்திருக்கிறது. தாழ்ந்ததைத் தூக்கித் தூக்கி வளைத்தவன் அவன்; அதனால்தான் சமனான ரோட்டில் முள் இல்லாத பெற்றோலைக் காட்டியது. முள் பாவம்.

"பொய் சொன்னது நாந்தான் புள்ள" என்றான். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு காரை ரோட்டில் சமனாக நிறுத்தி, அதே இரண்டு கலனுக்குக் கம்பியை மறுபடி வளைத்தான். ஸுல்பிகா வேலியோரம் நின்று பார்த்தாள். ஹமீடின் காரைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

இரண்டு மாதம் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தபோது ஸுல்பிகா இடுப்பைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். கையில் துணிப்பை.

"ஹமீட் காக்காவக் கூப்பிடட்டா?" என்று கேட்டான்.

அவள் மொரிஸின் முன்கதவைத் திறந்து ஏறினாள். முள் கால்வாசியில் கிடந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"மட்டக்களப்பு ஆசுப்பத்திரிக்குப் போகப் பெற்றோல் காணுமா?"

"ரோட்டுல இறங்கிப் பாத்துச் சொல்லு."

பிரேக்கை விட்டான். கார் மேட்டிலிருந்து உருண்டு, இருமி, உயிர் பிடித்து ரோட்டில் சமனாகியது. கண்ணாடிக்குப் பின்னால் முள் மெல்ல எழும்பி அரைக்கு வந்தது. வலியில் கண்ணை மூடப்போனவள், அது நிற்கும்வரை மூடவில்லை.