கவிழ்க்க முடியாத மரம்

ஸ்டானிஸ்லாஸ் கிராணிக்குக் கணக்குப் பித்து. ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற வேலை போக மீதி நேரமெல்லாம் நாலாவது திசையைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பித்துக்கு அகப்பட்டது என் இடது கை.

பாலுக்காகப் பால்மரத்துப் பட்டையைச் சீவி வெட்டுகிற கத்தி வலது கைக்காரர்களுக்காக வளைத்து அடித்தது. என் கைக்குப் படியாது. பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் விழும். "இன்னொரு காயம் பார்த்தேன், மாசாய்த் தோட்டத்துப் பக்கம் புல்லு வெட்டப் போயிடுவ" என்று கனகராஜ் கங்காணி சொல்லிவிட்டார். அங்கே பிள்ளைகளை விட ஆயாக்கொட்டகை கிடையாது. என் மகளுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.

கிராணியிடம் போய் அழுதேன். அவர் மரத்தில் வெட்டுக்கோடு போடுகிற தகர அச்சை எடுத்தார். கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சாய வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம்.

"இத பாரு புஷ்பவள்ளி. மேசையிலேயே வெச்சு எப்படிச் சுத்தினாலும் இது எதிர்ச்சாய்வுத் தகரம் ஆகாது. தூக்கிக் கவிழ்த்தா ஆயிடும். மேசையை விட்டு மேல வரத் தெரியாத பூச்சிக்கு இது மாயம். கத்தியும் அப்படித்தான். அதைக் கவிழ்த்து இடது கைக் கத்தி ஆக்கணும்னா நமக்கு இன்னொரு திசை வேணும். மேல கீழ, முன்ன பின்ன, இடம் வலம், இதுல எதுவும் இல்லாத நாலாவது."

"அது எங்கங்க இருக்கு?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாது."

"அலமாக், அடக் கடவுளே! அப்புறம் எனக்கு எதுக்குங்க அது?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் கூலாய் டவுனில் சீனக் கொல்லனிடம் போய், கத்தியைக் கண்ணாடி முன் பிடித்துக் காட்டி, உள்ளே தெரிந்ததைப் போலவே ஒன்று அடித்து வாங்கி வந்தார். தகரத்தையும் கவிழ்த்து என் மரங்களில் புதுக்கோடு போட்டார். கங்காணியிடம் மூச்சு விடவில்லை.

கத்தி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு காயமில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் நிறுவையில் பால் குறைந்தது. மறுநாளும் குறைந்தது. வாரம் முழுக்கக் குறைந்தது. கங்காணி என் மரங்களைப் பார்க்க வந்தார்.

"யாரைக் கேட்டுடி எல்லா மரத்தையும் தலைகீழா வெட்டின?"

திங்கட்கிழமை லாரியில் நான் மாசாய்க்குப் போக வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. கிராணியிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு!

"அடடா! பட்டைக்குள்ள பால் ஓடுற குழாய் நேரா ஏறல, ஒரு பக்கமா சாஞ்சு ஏறுது. அதான் எதிர்ச்சாய்வுல குழாய் கம்மியா வெட்டுப்படுது. கையைக் கவிழ்த்தோம், கத்தியைக் கவிழ்த்தோம், கோட்டைக் கவிழ்த்தோம். மரத்தை மறந்துட்டோம்! அதையும் நாலாவது திசையில தூக்கித் திருப்பினா…"

ஆயாக்கொட்டகையில் என் மகள் அழுவது கேட்டது. ரவிக்கை நனைந்தது.

"ஐயா, அதெல்லாம் வேணாம். கங்காணி வீடு எதிர்லதான் இருக்கு. கோடு போட்டது நீங்கதான்னு போய்ச் சொல்லிட்டு வாங்க."

அவர் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொல்லலாம்தான். துரை காதுக்குப் போனா என் வேலை…"

திங்கட்கிழமை லாரி ஏறினேன். என் புருஷன் மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றார். கிராணி ஆபீஸ் ஜன்னலில் நின்றார். மரத்தையே தூக்கித் திருப்பப் பார்த்த மனிதர், மூன்று படி இறங்கி வரவில்லை.