ஒரு மாத்திரை உயரம்

அஸ்வா ஆற்றங்கரையிலிருந்த அந்த ஊரில் அறுபத்திரண்டு வீடுகள். அத்தனைக்கும் மாத்திரை கொடுக்கும் பொறுப்பை ஊர் கூடி லன்யேரோவிடம் ஒப்படைத்திருந்தது. தோளில் பை, கையில் கோடு கீறிய மூங்கில் கோல். ஆளைக் கோலோடு நிற்க வைத்து உயரம் பார்ப்பாள். உயரத்துக்கேற்ப ஒன்று முதல் நான்கு வரை. ஆற்றுப் பாறைகளில் பெருகும் கறுப்பு ஈ கடித்தால் தோலுக்கடியில் புழு சேரும், நாளடைவில் கண்ணைப் பறிக்கும். அந்தப் புழுவுக்கான மாத்திரை அது.

அந்த வருடம் ஒரே ஒரு வீடுதான் பாக்கி. அது அவளுடைய கொழுந்தன் ஓரியேமின் வீடு. போன வருடம் மாத்திரை சாப்பிட்ட மறுநாள் அவன் முகம் பூசணியாக வீங்கியது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. அன்றிலிருந்து, அண்ணியின் பை தன் வாசலுக்கு வரக்கூடாது என்றுவிட்டான்.

ஒரு நாள் காலை லன்யேரோ துணி துவைக்கப் போன இடத்தில் அவன் மனைவி அக்வேரோ பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, சின்னவ அபேர் சொறிஞ்சு சொறிஞ்சு தோலே உரிஞ்சுபோச்சு. இடுப்புல கொட்டை மாதிரி ஒரு கட்டி. லாமுனுவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

லாமுனு மூத்தவள். பதினொரு வயது, பார்த்தால் ஏழு என்றுதான் தோன்றும். இரண்டு வருடமாக, தட்டை முன்னால் வைத்ததும் அவள் தலை தானாக முன்னே ஆடத் தொடங்கும். பிறகு கண் செருகி விழுவாள். அவளைப் போல ஆற்றோரத்தில் இன்னும் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க. கஞ்சியில கரைச்சு அபேருக்குக் குடுத்துடறேன். அவருக்குத் தெரியவே வேணாம்."

லன்யேரோவின் கை பைக்குள் போய்விட்டது. மாத்திரை விரலில் பட்டது. ஒரு கணம் அப்படியே நின்று, கையை வெறுமையாக எடுத்தாள்.

"நாளைக்கு அவ மூஞ்சி வீங்கினா என்ன சொல்லுவே? திருட்டுத்தனமா விஷம் வச்சுட்டாங்கன்னு ஊர் பூரா பேசும். அப்புறம் ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க."

"அப்ப விட்டுடறீங்களா?"

"மத்தியானம் வரேன். வாசல் வழியாவே வரேன்."

போனபோது ஓரியேம் முற்றத்தில் வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். கோலைப் பார்த்ததும் கத்தியோடு எழுந்தான். அடுப்பில் கீரை எள்விழுதோடு கொதித்தது. அருகே லாமுனு உட்கார்ந்திருந்தாள். ஆளில்லாத நேரத்தில் தீயில் விழாதபடி அவள் கணுக்காலை மரத்தோடு கட்டி வைப்பார்கள். சாப்பாட்டுக்காக அப்போதுதான் அவிழ்த்திருந்தார்கள். அக்வேரோ தட்டு எடுக்க உள்ளே போயிருந்தாள்.

"அண்ணி, அந்த வேலியைத் தாண்டாதீங்க."

"தாண்டியாச்சு."

"மரியாதையா சொல்றேன். உங்க மேல கத்தி படக்கூடாதுன்னு பாக்கறேன்."

அவனுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், லாமுனுவின் தலை ஆடத் தொடங்கியிருந்தது. ஒரு முறை. இரண்டு முறை.

"ஓரியேம், புள்ளையப் பிடி."

"எந்தப் புள்ளைய?"

அவன் திரும்பினான், திரும்பியும் தேடினான். லாமுனு அடுப்பை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தாள். லன்யேரோ கோலை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். பெண்ணின் தோள் கைக்குள் வந்தபோது பானை சரிந்து, கொதிக்கும் கீரை லன்யேரோவின் முழங்கையில் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளை இழுத்து மண்ணில் ஒருக்களித்துக் கிடத்தினாள்.

உதறல் நிற்கும்வரை லாமுனுவின் தலைக்கடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"உன் பக்கத்துலதானே விழுந்தா," என்றாள் லன்யேரோ.

ஓரியேம் கத்தியைக் கீழே வைத்தான். "அந்தப் பக்கம் தெரியல, அண்ணி."

"எத்தனை நாளா?"

"விதைப்புக்கு முன்னாலேருந்து. எடது கண்ணுல புகை மாதிரி. உங்க மாத்திரைதான் கண்ணைத் தின்னுடுச்சுன்னு நெனச்சேன்."

தட்டுகளோடு கதவருகே நின்ற அக்வேரோவின் முகம் சுருங்கியது. "ஆடு தடுக்கி நீ விழுந்தப்ப, நீ குடிச்சிருக்கேன்னு திட்டினேன். அப்பவும் வாயத் தொறக்கலியே நீ."

"மாத்திரைக்கு ரொம்ப முன்னாடியே புழு உள்ள இருந்திருக்கு," என்றாள் லன்யேரோ. "வீங்கினது புழு சாகறப்ப வர்ற வீக்கம். அதுக்கப்புறம் என்கிட்ட நீ பேசவே இல்ல. பேசியிருந்தா சொல்லியிருப்பேன். போன பார்வை திரும்பாது. அதையும் மறைக்கல."

"லாமுனு?" என்றான் ஓரியேம்.

"அவ தலை ஆடறதை இது நிறுத்தாது. வலிப்புக்குத் தனி மருந்து இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும், நானும் வரேன்."

அவன் லாமுனுவின் வாயைத் துடைத்துவிட்டான். "சின்னவளுக்கு வீங்கினா?"

"வடியற வரைக்கும் இங்கேயே உக்காந்திருப்பேன்."

அபேரைக் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு வலிப்பு வந்ததும் வைக்கோலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள் மெல்ல வந்து கோலோடு நின்றாள். நின்றவள் குதிகாலைத் தூக்கினாள்.

"காலைக் கீழ வைடி. உனக்கு ஒண்ணுதான்."

லாமுனுவுக்கும் ஒன்று. அவள் தெளிந்து எழுந்த பிறகு கொடுத்தார்கள்.

மறுநாள் பகலில் அபேருக்குக் காய்ச்சல் ஏறியது. சாயங்காலம் இமைகள் தடித்து மூடின. அக்கம்பக்கத்தார் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

"போன வருஷம் அப்பன், இந்த வருஷம் பொண்ணு," என்றான் ஒருவன். "அந்தப் பையை ஆத்துல வீசுங்கப்பா."

லன்யேரோ கட்டுப் போட்ட கையால் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். வீக்கம் வடியும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் குழந்தை முனகும்போதெல்லாம், வடியாவிட்டால் என்று உள்ளே ஒன்று கேட்டது. ஓரியேம் வேலிக்கும் குழந்தைக்கும் நடுவே போய் உட்கார்ந்தான். "அண்ணி நான் சொல்லித்தான் இருக்காங்க. வேலையைப் பாத்துக்கிட்டுப் போங்க," என்றான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அபேர் ஒரு கண்ணைத் திறந்து எள் உருண்டை கேட்டாள். அக்வேரோ அழுதுகொண்டே இடித்துக் கொடுத்தாள். ஓரியேம் எழுந்து கோலுக்கு முதுகு காட்டி நின்றான். நான்கு மாத்திரை. ஒவ்வொன்றாக விழுங்கினான்.

அடுத்த வாரம் லாமுனுவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கொடுத்த மருந்தில் தினமும் வந்த வலிப்பு மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அவள் அதற்கு மேல் வளரவில்லை. ஆனால் தன் கையால் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஓரியேமின் இடது கண் மீளவில்லை. வலது கண் தப்பியது. கண் மங்கியதை அவன் மறைத்ததற்காக அக்வேரோ ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.