கட்டுப் பிரிப்பதற்கு முன்

குளிப்பாட்டத் தூக்க வந்த பங்காளிகள் கட்டிலருகே வந்ததும் தயங்கி நின்றுவிட்டார்கள். விடியலில் இறந்துபோன திருஞானசம்பந்தத்தின் இடுப்பில் படுக்கைப் புண். கட்டு நனைந்து கசிந்திருந்தது. எங்கே கை கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கீதா அப்பாவின் வேட்டியை இழுத்து அதை மூடினாள்.

“ஜான்சன் அண்ணன் வெளிய நிக்கிறாரு. அவரு கட்டு மாத்தட்டும் சித்தப்பா.”

சித்தப்பா சிவபாலன் தறியோரம் உட்கார்ந்திருந்தார். “உசுரோட இருந்தப்ப ஆமென் சொல்ல வெச்சான். இப்ப பொணத்தையும் சொல்ல வெக்கணுமா? தேவாரம் பாட ஆளு வந்துக்கினு இருக்குது. அவன் படி ஏறுனா நான் எறங்கிடுவேன்மா.”

அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோனபோது உறவுக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஒருமுறை வந்து போனார்கள். ஜான்சன் மட்டும் ஒரு கிறிஸ்தவ ஊழிய அமைப்பிலிருந்து, ஐயம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில், மழையிலும் வெயிலிலும் வந்தார். முகம் சுளிக்காமல் புண்ணைக் கழுவினார். கட்டைப் பிரிப்பதற்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்வார். அப்போது டிவி சத்தத்தைக் குறைப்பது சங்கீதாவின் வேலை.

ஜெபம் பாதியில் இருக்கும்போதே அப்பா ஆமென் சொல்லிவிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டாள். “‘சீக்கிரம் முடிப்பா’ன்னு சொல்றதுக்கு அவங்க ஊட்ல அதாம்மா வார்த்தை” என்று கோணிய வாயால் சிரித்தார். ஜான்சன் போனதும் விபூதி கேட்பார். ஆனால் ஒருநாள், ஏதோ அவசரத்தில் ஜான்சன் நேராகக் கட்டின் மேல் கை வைத்தபோது, அப்பா நல்ல கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “இன்னும் நீ ஆரம்பிக்கலியேப்பா.”

அது பக்தியா, மரியாதையா, பயமா என்று அவளால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. கேட்கவும் இனி ஆள் இல்லை.

வெளியே வந்தாள். ஜான்சன் ஸ்கூட்டரை ஒட்டிப் பையோடு நின்றிருந்தார். உள்ளே பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“கட்டு மட்டும் மாத்திட்டுப் போயிடறேன்மா. அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு ஜெபம் பண்ணட்டுமா?”

ஜெபத்துக்கு அவர் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை.

“அப்பா இருந்தப்ப ஒரு நாளும் கேக்கலியேண்ணா.”

“வேணாம்னு அவரு சொன்னதில்லையேமா.”

“எப்பிடிண்ணா சொல்லுவாரு? சொன்னா நாளைக்கு வரமாட்டீங்களோன்னு எங்களுக்கு பயம்.”

“வந்திருப்பேன்மா.”

“அத நீங்க சொல்லலியே.”

அவள் குரலில் கோபம் இல்லை. பந்தலைப் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோ வேகத்தைக் குறைத்துக் கடந்து போனது. ஜான்சன் பையின் ஜிப்பைத் திறந்து, மறுபடி மூடினார்.

“சொல்லியிருக்கணும்” என்றார்.

சங்கீதா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். “ஜெபம் வேணாண்ணா. கட்டு மாத்த வாங்க” என்று முன்னால் படியேறினாள். சிவபாலன் எழுந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள், “கால் பக்கம் நீங்க புடிங்க சித்தப்பா. அவரு ஒருத்தரால திருப்ப முடியாது” என்றாள், அவர் முன்பு எதுவுமே சொல்லாதது போல. சிவபாலன் வாசலைப் பார்த்தார். அண்ணனின் கால்களைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

ஜான்சன் கையுறையை மாட்டினார். “திருப்பட்டுமாய்யா?” என்றார் அப்பாவிடம். அதை மட்டும் அவர் தினமும் கேட்பார். இருவருமாகத் திருப்பினார்கள். கட்டின் ஓரத்தைத் தொட்ட ஜான்சனின் விரல்கள் அங்கேயே நின்றன. அவர் கண்கள் திறந்தே இருந்தன; உதடு அசையவில்லை. சிவபாலனும் அவசரப்படுத்தவில்லை.

சங்கீதாவின் கை தலையணைப் பக்கம் போய் ரிமோட்டைத் தேடி எடுத்தது. டிவி காலையிலிருந்தே அணைந்துதான் கிடந்தது.