துரை வீட்டுப் பொம்மை இஞ்சின்

காளியப்பனுக்கு அந்தப் பொம்மை ரயில் இஞ்சினைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. நாலு நாளில் மூன்று முறை கழற்றியாயிற்று. மண்ணெண்ணெயில் பல்சக்கரங்களைக் கழுவி, துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு அச்சுக்கு ஒரு சொட்டு வைப்பான். சாவி முறுக்கி விட்டால் ஜம்மென்று ஓடும். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் முக்கி முனகி நாலு விரற்கடை நகர்ந்து நின்றுவிடும்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஃபேக்டரி இஞ்சினுக்கு எண்ணெய் போடுவது அவன் வேலை. அதை ஓட்டும் டிரைவர் சின்னத்தம்பியை மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடத் துரை முடிவு செய்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் பேரிங் சூடேறி இஞ்சின் படுத்துக்கொள்கிறது. கிழவருக்குக் கவனம் போதவில்லை என்பது துரையின் தீர்ப்பு. அந்த இடம் காளியப்பனுக்குத்தான். ஆனால் துரை ஒரு கொக்கி போட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருவதற்குள் தம்முடைய பொம்மை ரயில் ஓட வேண்டும். இதையே சரிசெய்யத் தெரியாதவனிடம் பெரிய இஞ்சினை எப்படி ஒப்படைப்பது என்று கேட்டார். நாற்பத்தைந்து வயதில் பொம்மையோடு விளையாடும் கொடுப்பினை துரைமார்களுக்கு மட்டும்தான்.

டிரைவர் என்றால் தனி வீடு. கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறையில் எட்டு வருஷமாகப் புகை குடித்த அவன் மனைவி ராசம்மா, புது வீட்டில் அடுப்பை எங்கே போடுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் நாலாவது முறையாகக் கழற்றினான். பல்லிடுக்கில் வெளிறிய களிம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி முகர்ந்து பார்த்தான். சந்தனம்.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் மறைக்கவில்லை. தினமும் விடியற்காலையில் அவன் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுக்கப் போனதும் இஞ்சினைச் சாமி படத்தின் முன்னால் வைத்து, திருநீறும் சந்தனமும் பூசி, விளக்கெண்ணெய் ஒரு கரண்டி உள்ளே விட்டாளாம். நல்லபடியாக ஓட வேண்டுமே என்றுதானாம்.

காளியப்பனுக்குத் தலைக்கேறிவிட்டது. அறிவிருக்கிறதா என்று ஆரம்பித்து அவள் பிறந்த வீடுவரை போய் வந்தான். சாம்பலும் சந்தனமும் எண்ணெயோடு சேர்ந்தால் பசையாகிவிடும், சக்கரம் எப்படிச் சுற்றும் என்று கத்தினான். ராசம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பெரிய இஞ்சினுக்கு நீங்க வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பூசுறீங்களே. நான் இதுக்குப் பூசுனா மட்டும் தப்பா?"

அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்க வாயெடுத்தவன் அப்படியே நின்றான். எங்கே பூசுகிறான்? பேரிங் மேல் உள்ள பித்தளை எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியில். பூசை முடிந்ததும் அதே மூடியைத் திறந்துதான் எண்ணெய் ஊற்றுகிறான்.

ஃபேக்டரிக்கு ஓடினான். அன்றும் இஞ்சின் சூடேறிப் பாதியில் நின்றிருந்தது. சின்னத்தம்பி ஈரச் சாக்கைப் பேரிங் மேல் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்துக்குள் காளியப்பன் விரலை விட்டான். எண்ணெய் இறங்கும் திரி, சந்தனச் சேற்றில் புதைந்து கிடந்தது. கிண்ணத்தை வழித்துத் துடைத்துவிட்டுத் திரும்பினான். அன்று முழுக்கத் தன்மேலேயே எரிச்சல். எந்தச் சனியன் பிடித்து அந்த மூடியைத் தேர்ந்தெடுத்தோம் என்று தன்னையே வைதுகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் பொம்மை ரயில் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு வட்டமடித்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். துரை அவன் தோளில் தட்டி, அடுத்த மாதம் முதல் நீதான் டிரைவர் என்றார்.

"தொரை, இஞ்சினக் கெடுத்தது சின்னத்தம்பி அண்ணன் இல்ல. நான்தான்."

கைதட்டலில் துரைக்குக் காதில் விழவில்லை. என்ன சொன்னாய் என்று சிரித்தபடியே கேட்டார். காளியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு தடவை சொல்வதற்கே உயிர் போய்விட்டதே, இந்தப் பாழாய்ப்போன உண்மையை இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டுமா? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். தனி வீடு கிடைத்துவிடும்.

இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்.